முப்பது நொடி, மூன்று மொழி

உள்ளூர் கேபிள் சேனலில் போட சித்தப்பாவின் கட்டில், மெத்தைக் கடைக்கு ஒரு விளம்பரம். ஓசூர் பாகலூர் ரோட்டில், என் போனிலேயே எடுத்தோம். நடிகர் யார் என்ற கேள்வியே எழவில்லை. "லலிதா ஜுவல்லரி கிரண்குமார் அவரே வந்து பேசலையா? லெஜண்ட் சரவணன் விளம்பரத்துல ஆரம்பிச்சு 2022-ல சினிமா ஹீரோவாவே ஆயிட்டாரே!" என்று சித்தப்பா புதுச்சட்டையோடு வந்து நின்றார்.

30 நொடியில் ஐம்பது சொல் அடங்கினாலே அதிகம். அவர் எழுதி வந்தது இரண்டு பக்கம். வெட்ட வெட்ட முகம் வாடியது. ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தள்ளுபடியைச் சொல்லியே தீருவேன் என்றார். அதில் தப்பில்லை, எங்கள் ஊர் அப்படி.

படம் சுமாராக இருந்தால் ஜனம் பொறுத்துக்கொள்ளும், குரல் தெளிவில்லாவிட்டால் சேனலை மாற்றிவிடும். வெளியே ஓயாத லாரி ஹாரன். இரவு பதினொன்றுக்கு ஷட்டரை இறக்கி, மெத்தைகளைச் சுற்றி நிறுத்தி, நடுவே அவரை உட்காரவைத்துக் குரலைத் தனியாகப் பதிந்தேன். எதிரொலியை மெத்தை விழுங்கிவிட்டது. ஸ்டுடியோ வாடகை மிச்சம். அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

ஓசூர் நண்பர்களே, அவருடைய கன்னட உச்சரிப்பு எப்படி என்று என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.