பானைக்கும் வியர்க்கும்

சித்திரை மாதம். செல்லூர்ப் பக்கம் ஒரு வீடு. பி.காம். படிக்கிற பேரன், மானாமதுரையிலிருந்து வந்த புதுப் பானைக்கு ஆசை ஆசையாய் எனாமல் பெயின்ட் அடித்து, பூவும் வரைந்து வைத்தான். பார்க்க அழகுதான். ஆனால் தண்ணீர் மட்டும் குளிரவேயில்லை!

"பானையோட மூச்சை அடைச்சுப்புட்டியேடா..." என்றார் அப்பத்தா.

அவர் சொன்னது முழுக்க இயற்பியல். மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து, வெளியே வந்து ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டுமே? அதில் பெரும்பங்கைப் பானையிடமும் உள்ளே இருக்கும் தண்ணீரிடமும்தான் வாங்கிக்கொள்கிறது. இதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம். 1760களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் விளக்கியது.

காமர்ஸ்காரர்களுக்குப் பிடித்த மாதிரி கணக்கு எழுதினால் இப்படி வரும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்க 4.2 கிலோஜூல் வெளியேற வேண்டும். 10 லிட்டர் பானையை 5 டிகிரி இறக்க 210 கிலோஜூல். ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் எடுத்துப்போவது சுமார் 2,430 கிலோஜூல். வகுத்துப் பாருங்கள்... வெறும் 86 கிராம். ஒரு டம்ளர்கூட இல்லை! வெளிச்சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நிஜத்தில் செலவு கூடும். ஆனாலும் லாபம்தான்.

இந்த வியாபாரம் எப்போதும் நடக்காது. காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகமிருந்தால் ஆவியாவது குறைந்துவிடும். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் 26 காட்டும். பானையால் அதற்குக் கீழே போக முடியாது. ஈரப்பதம் 75 ஆனால் அதே வெப்பமானி 35ஐத் தாண்டும்.

அந்த 35தான் பயமுறுத்துகிற எண். மனித உடம்பும் ஒரு பானைதான். வியர்வை ஆவியானால்தான் உள்சூடு இறங்கும். ஈர வெப்பநிலை 35ஐத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூடப் பல மணி நேரம் தாங்க மாட்டார் என்று 2010ல் ஓர் ஆய்வு சொன்னது. 2022ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகச் சோதனைகளில், ஈரக்காற்றில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கே எல்லை 31ஐ ஒட்டி வந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவருக்கு?

பேரனின் அப்பா கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும். அவ்வளவும் உடம்பு கட்டிய கூலிங் சார்ஜ். அவர் வந்ததும் முதலில் கேட்பது பானைத் தண்ணீர்தான். அன்றைக்குக் கிடைத்தது வெதுவெதுப்பு. ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

மறுநாள் பேரன் இன்னொரு பானை வாங்கி வந்தான். பெயின்ட் அடித்ததில் இப்போது புளி இருக்கிறது.