அக்கா வீடு

மார்கழி பிறந்து ஒரு வாரம் கழிவதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிடும். கடைசித் தாளை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரும் மாணவரிடையே ‘எந்த ஊருக்கு?’ என்னும் கேள்வி எழும். கோடை விடுமுறை பாட்டி வீட்டுக்கு உரியது. பத்து நாளுக்குள் அடங்கிவிடும் மார்கழி விடுமுறையோ, அக்காவை மணம் செய்து கொடுத்த வீடுகளில், பெரும்பாலும் அந்த அக்காவின் ஊரில் கழிகிறது. பாட்டி வீட்டில் பிள்ளை பிள்ளையாகவே இருந்துவிடலாம். அக்கா வீட்டில் அது முடிவதில்லை. அங்கே அவன் உரிமைக்காரனாகவும் இருக்கிறான், விருந்தாளியாகவும் இருக்கிறான்.

அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பதினோராம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன் அவ்வாறு கீரனூருக்குப் புறப்பட்டான். ஒரு கையில் துணிப்பை. மறுகையில் அம்மா முறுக்கு நிறைத்துக் கொடுத்த தூக்குவாளி. இவற்றோடு அவன் சுமந்து சென்றது ஒரு செய்தியும் ஆகும். “அக்காவிடம் தனியாகச் சொல். குழுத் தவணை கட்ட ஐயாயிரம் வேண்டும். தை பிறந்ததும் திருப்பிவிடலாம். மாமா காதில் விழ வேண்டாம்” என்று அம்மா சொல்லியிருந்தாள். வாளியைவிட அச்செய்தி கனமாக இருந்தது.

புதுக்கோட்டையில் பேருந்து மாறித் திருச்சி செல்லும் சாலையில் போனால் கீரனூர் வந்துவிடும். இரண்டு ஊர்களும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ளன. ஆயினும் அப்பையனின் பாட்டி, பேத்தியை மணம் செய்து கொடுத்த நாளில், ‘தொண்டைமான் சீமைக்குப் போகிறாள்’ என்றுதான் சொன்னாளாம். அதில் வரலாறு இருக்கிறது. 1948 மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணையும்வரை கீரனூர் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. அறந்தாங்கியோ ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் இரண்டும் ஒன்று சேர்ந்தன. எல்லைகள் அழிந்த பின்னும் பாட்டிமாரின் பேச்சில் அவை நெடுநாள் உயிரோடிருக்கின்றன.

குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம் கீரனூர். வட்டாட்சியர் அலுவலகமும் கடைத்தெருவும் தொடர்வண்டி நிலையமும் உள்ள பேரூர் அது. ஊரைத் தாண்டினால் காவிரி நீர் எட்டாத மேட்டு நிலம். வடகிழக்குப் பருவமழையும் அது நிரப்பும் ஏரி குளங்களும் கிணறுகளுமே உழவருக்குத் துணை. அவ்வாண்டு மழை பாதிவழியில் நின்றுவிட்டது. மார்கழியில் கரை தொட்டுக் கிடக்க வேண்டிய ஏரியின் நடுவில் சேறு தெரிந்தது.

அக்காவின் வீட்டில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. மாமா அவனுக்கென்று புதிய போர்வை வாங்கி வைத்திருந்தார். நான்கு வயது மருமகள் “மாமா, மாமா” என்று காலைச் சுற்றி வந்தாள். அவன் அக்காவின் கணவரை ‘மாமா’ என்று அழைக்க, குழந்தை அவனை ‘மாமா’ என்று அழைக்க, ஒரே கூடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தனர். வரும் மாசியில் அவன் மடியில் அமர்த்தித்தான் அவளுக்குக் காது குத்தப் போகிறார்கள். தாய்மாமன் என்னும் பெரிய பதவி, மீசை அரும்பும் முன்பே ஒருவனைத் தேடி வந்துவிடுகிறது.

அவனைத் திகைக்க வைத்தவள் அக்காதான். பிறந்த வீட்டில் எழுப்பினாலும் எழாத அவள், இங்கே ஐந்து மணிக்கு முன்பே வாசலில் சாணம் தெளித்துக் கோலமிட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்தாள். மாட்டுக்குத் தவிடு கலந்தாள். பால் கணக்கு எழுதினாள். யார் எப்போது உண்பார் என்பதை ஒருவரையும் கேளாமல் அறிந்திருந்தாள். அவனுடைய தட்டில் மட்டும் கேளாமலே இரண்டாம் முறையும் முட்டை விழுந்தது. தட்டை நிமிர்ந்து பார்த்தபோது, அவளுடைய தட்டில் அது இல்லை. மணமான பெண்ணின் வீட்டுக்குச் செல்லும் தம்பிமார் பலரும் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்கத் தொடங்கும் ஆண்டு ஒன்று வருகிறது.

இரண்டாம் நாள் அவன் மற்றொன்றைக் கண்டான். அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. கேட்டதற்கு, “சங்கிலியின் கொக்கி அறுந்துவிட்டது, பத்தரிடம் கொடுத்திருக்கிறேன்” என்றாள். மறுநாள் இரவு திண்ணையில் படுத்திருந்தபோது, மாமாவும் அத்தையும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்தது. கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனது, கதிர் வரும் பருவத்தில் நீர் இல்லாமல் வயல் வெடித்தது, கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கி மோட்டாரைச் சரிசெய்தது, வட்டி கட்ட வேண்டிய தேதி: இவ்வளவும் அப்பேச்சில் இருந்தன. கொக்கி அறுந்த சங்கிலி எங்கே இருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

அத்தை என்று அவன் அழைத்தது அக்காவின் மாமியாரை. குடும்பக் கதைகளில் மாமியாருக்கு வழக்கமாகத் தரப்படும் வேடம் அந்த அம்மையாருக்குப் பொருந்தாது. வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் நிற்கும் பழைய மிதிவண்டி அவருடையது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர் அவர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதும் பெண்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் கேலிப் பேச்சுகளைப் பொருட்படுத்தாமல் மாலைதோறும் பொட்டலில் விழுந்து எழுந்து பழகினர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளையொட்டி மிதிவண்டிகளில் கொடி கட்டி, மணியடித்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாக ஊர்வலம் சென்றனர். தம் முழங்காலில் உள்ள தழும்பை அத்தை இன்றும் ஒரு பதக்கத்தைப் போலக் காட்டுவார்.

அந்த அத்தைதான் ஐந்தாம் நாள் காலையில் சொன்னார்: “கல்யாணமாகி வந்து ஐந்து வருடமாகிறது, நார்த்தாமலையை நீ இன்னும் பார்த்ததில்லை. தம்பி வந்திருக்கிறான். சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன், போய் வா.” அக்கா மறுத்தாள், பிறகு தாழ்வாரத்து மிதிவண்டியைத் துடைத்தாள். அண்டை வீட்டில் வாங்கிய வண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அவன் முன்னே சென்றான். ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவு. நெடுஞ்சாலையின் ஓரத்தை விட்டுக் கிளைச்சாலையில் திரும்பியதும், அக்கா மிதிப்பதை வேகப்படுத்தி அவனை முந்திச் சென்றாள். பிறந்த ஊரில் பள்ளிக்குச் செல்லும்போது அவள் அப்படித்தான் முந்துவாள்.

மேலமலை ஒரு பெரும்பாறை. அதன் சரிவில் ஏறும் வழியில் சுனை இருக்கிறது. மேலே விசயாலய சோழீச்சரம் என்னும் கற்றளியும், அதற்கு எதிரே பாறையைக் குடைந்து செய்த இரு குகைகளும் உள்ளன. ஒன்றில் திருமாலின் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. மற்றொன்று சிறிய சிவன் கோயில். பழியிலி ஈச்சரம் என்பது பெயர். பெரும்பாலோர் அதை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவர். அங்குள்ள கல்வெட்டு பல்லவ மன்னன் நிருபதுங்கனின் ஏழாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் செய்தி அது. குகையைக் குடைவித்தவன் விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி. அதன்முன் மண்டபமும் இடபமும் இடபத்துக்குக் கொட்டிலும் பலிபீடமும் செய்தளித்தவள் அவனுடைய மகள் பழியிலி சிறியநங்கை. அவள் மல்லன் அநந்தன் என்பவனின் மனைவி என்பதையும் கல்வெட்டு குறிக்கத் தவறவில்லை. பிறிதொரு வீட்டுக்கு மணமாகிச் சென்றவள், தந்தை தொடங்கிய பணிக்குத் தன் கையால் சேர்த்திருக்கிறாள். அதற்கு அவள் எந்தப் பொருளைச் செலவிட்டாள், எவரிடம் கேட்டாள் என்பதைக் கல் சொல்லவில்லை.

குழந்தை கற்றளியின் நிழலில் உறங்கிவிட்டாள். மலைமேல் காற்றைத் தவிர வேறு ஓசை இல்லை. அம்மா சொன்ன ‘தனி’ அதுவே; அப்படி ஒரு வேளை இனி வாய்க்காது. அக்கா கால்களை நீட்டி அமர்ந்து, பள்ளிக்கால நிகழ்ச்சி எதையோ சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கை பழக்கத்தால் கழுத்துக்குச் சென்று, சங்கிலியைத் தேடி, கயிற்றைத் தொட்டுத் திரும்பியது. அவன் வாயைத் திறந்தான்.

“பசிக்கிறதா?” என்றாள் அக்கா.

“ஆம்” என்றான் அவன்.

கட்டிவந்த புளிச்சோற்றை இருவரும் உண்டனர்.

எஞ்சிய நாள்களில் அவன் விருந்தாளியாக இருக்கவில்லை. விடியலில் மாமாவோடு வயலுக்குப் போய் மடை திருப்பினான். மாட்டுக் கொட்டிலைக் கூட்டினான். இரண்டாம் முறை முட்டை வந்தபோது அதைக் குழந்தையின் தட்டுக்கு மாற்றினான். அக்கா அதைப் பார்த்தாள், எதுவும் பேசவில்லை.

புத்தாண்டுக்கு மறுநாள் அவனைப் பேருந்தேற்ற அக்காவே வந்தாள். முறுக்கு வந்த தூக்குவாளியில் வறுத்த நிலக்கடலை நிறைந்திருந்தது; வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. புதுக்கோட்டைப் பேருந்து வந்து நின்றது. ஏறப்போனவனைத் தோளில் தொட்டு நிறுத்தினாள்.

“அம்மா ஏதேனும் சொல்லி அனுப்பினார்களா?”

“முறுக்கு நமுத்துப் போவதற்குள் தின்றுவிடச் சொன்னார்கள்.”

அக்கா அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். “கதிர் தேறிவிட்டது. அறுப்பு முடிந்ததும் நானே வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்” என்றாள்.

பேருந்து நகர்ந்தது. சன்னலோர இருக்கையில் வாளியை மடியில் வைத்துக்கொண்டான். அம்மாவிடம் என்ன சொல்வது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே நார்த்தாமலைப் பாறைகள் வலப்புறமாகத் தோன்றிப் பின்னே சென்றன.