சம்பளச் சிட்டையில் ஒரு கழிவு

எங்கள் ஊரில் அரசாங்கக் கடிதம் யாருக்கு வந்தாலும், அது கடைசியில் ஏதாவதொரு வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாளிலேயே எனக்கு இந்த வேலை தொடங்கிவிட்டது. விண்ணப்பங்கள், முறைப்பாடுகள், மௌத்தானவர்களின் பணத்தைக் கேட்டு மனுக்கள் என்று எழுதியவற்றுக்குக் கணக்கில்லை. எழுத வழியில்லாமற் போன மனு ஒன்றும் உண்டு.

அது ஒரு ராத்தாவின் விடயம். அவருடைய கணவரும் ஆசிரியர். தூரத்துப் பாடசாலைகளில் அவர் படிப்பித்த காலமெல்லாம் பிள்ளைகளை வளர்த்தது, மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தது, சம்பளத்தில் துண்டு விழுந்ததைப் பன்பாய் இழைத்து நிரப்பியது எல்லாம் ராத்தாதான். 22 வருடங்களுக்குப் பின் தலாக். இத்தாக் காலச் செலவு மட்டும் கிடைத்தது. சேவையிலிருக்கும்போதே அவர் மறுமணம் செய்தார். ஓய்வு பெற்று 3 வருடங்களில் மௌத்தானார்.

பழைய சம்பளச் சிட்டைகளை ராத்தா ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தார். "மாசாமாசம் விதவை அநாதைக்கெண்டு வெட்டினாங்க தம்பி. மிச்சத்திலதான் நான் உலை வெச்ச. அதில எனக்கு ஒண்டுமில்லையா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் பிறந்தது. 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம், பெண் உத்தியோகத்தரின் கணவருக்கும் அந்த வழியைத் திறந்தது. விவாகரத்தான மனைவி அங்கே விதவையாகக் கொள்ளப்படுவதில்லை. அந்தக் கழிவின் பாரத்தை எந்த அடுப்பு தாங்கியது என்று கேட்கவும் இடமில்லை. இளைய மனைவியில் குற்றமேதுமில்லை. அவரும் விதவைதான், அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும்.

மார்க்கத்தின் வாரிசுச் சட்டத்தில், பிள்ளையிருந்தால் மனைவிக்கு எட்டிலொன்று, இல்லாவிட்டால் நான்கிலொன்று. மீட்டெடுக்கக்கூடிய தலாக்கின் இத்தாவுக்குள் கணவன் இறந்தாலும் அவள் வாரிசு. இத்தா கழிந்தால் அந்த உரிமையும் கழிந்துவிடும். ஆனாலும் முன்னோர் இந்த எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டுப் போகவில்லை. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) மரண நோயில் தலாக் சொன்ன மனைவிக்கு, கலீபா உஸ்மான் (ரழி) இத்தா முடிந்த பிறகும் பங்கு கொடுத்தார்கள். இமாம் மாலிக் அதையே சட்டமாகக் கொண்டார். இத்தாவுக்குள் இறந்தால் மட்டுமே பங்கு என்றனர் ஹனபிகள். இமாம் ஷாபிஈயின் பிந்திய கருத்தில் பங்கில்லை. ஒரு சொல்லில் பெண்ணின் பங்கு பறிபோவது அவர்களையும் யோசிக்க வைத்திருக்கிறது.

ராத்தாவின் கணவர் தலாக் சொன்னது மரண நோயிலல்ல. ஆகவே அவர் நியாயம் கேட்க வேண்டிய இடம் மத்தாஃ. தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கு நியாயமான முறையில் கொடுக்க வேண்டியதைப் பற்றி அல்பகறாவின் 241ஆம் வசனம் பேசுகிறது. எகிப்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம், தன் சம்மதமோ குற்றமோ இன்றித் தலாக் சொல்லப்பட்டவளுக்கு ஆகக் குறைந்தது 2 வருடத் தாபரிப்பை மத்தாஃவாக வைத்தது. மலேசியாவில் தம்பதியர் சேர்ந்து தேடிய சொத்தை ஷரீஆ நீதிமன்றமே பிரித்துக் கொடுக்கிறது. மனைவியின் வீட்டு வேலையும் அங்கே உழைப்பாகக் கணக்கெடுக்கப்படுகிறது. நமது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் மஹர், கைக்கூலி, தாபரிப்பு என்பவற்றுக்கு இடம் வைத்தது, மத்தாஃவுக்கு வைக்கவில்லை. 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல் அறிக்கை கொடுத்தபின், திருமண வயதும் பெண் காதியும் உரத்துப் பேசப்பட்டன. 22 வருட உழைப்புக்கு என்ன விலை என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது.

கபுறடியில் போய்ப் பங்கு கேட்க முடியாது. தலாக் பதியும் மேசையிலேயே கேட்க வேண்டும்: எத்தனை வருடம் வாழ்ந்தார்கள்? அந்த வருடங்களில் சேர்ந்த ஓய்வூதியத்தின் பெறுமதி என்ன? நாளை கைக்கு வரும் பணிக்கொடையில் அவளுக்கு எவ்வளவு? சட்டம் மாறும்வரை, காதியாரும் பள்ளிவாசல் நிருவாகமும் இவற்றைக் கேட்டு, இணக்கத்தை எழுத்தில் வைப்பதற்குத் தடையேதுமில்லை.

இதை வாசிப்பவர்களில் ஆசிரியர்கள் பலர். இந்த மாதச் சிட்டையை எடுத்து அந்தக் கழிவைப் பாருங்கள். அதைத் தாங்கிக்கொண்டு உலை வைப்பவர் யாரென்பதும் உங்களுக்குத் தெரியும்.