எங்கள் கொல்லையில் ஓர் அடுப்பு

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, தோழியர் எல்லாரும் தாங்கள் போய் வந்த ஊர்களைப் பற்றிக் கதை கதையாய்ச் சொன்னார்கள். அக்காளும் தங்கையுமான நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் போய் வந்த இடம் எங்கள் வீட்டுக் கொல்லை! அங்கே ஓர் அடுப்புக் கட்டினோம்.

அடுப்பு என்றதும் சோறு பொங்கும் கொடியடுப்பை நினைத்துவிடாதீர்கள். இது செங்கல்லால் குவிமாடம் போலக் கட்டி, உள்ளே விறகெரித்து, ரொட்டி சுடும் அடுப்பு. மலையாளத்தார் இதைப் போர்மா என்பார்களாம். இலங்கைத் தமிழர் போறணை என்பார்கள். 'ஃபோர்னோ' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இவையெல்லாம் எங்கள் அப்பா துபாயில் ரொட்டிக்கடை ஒன்றில் வேலை பார்த்தபோது உடன் இருந்தவர்களிடம் கேட்டறிந்தவை.

அப்பா துபாய்க்குப் போன காரணத்தை ஒரத்தநாட்டுப் பக்கத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, எங்கள் தோப்பில் நின்றவை ஐந்தே தென்னை மரங்கள். மாட்டுக் கொட்டகையின் சுவரும் சாய்ந்துவிட்டது. மறு ஆண்டே அப்பா விமானம் ஏறினார். இந்த முறை இரண்டு மாத விடுப்பில் வந்தவர், "இங்கேயே ஒரு அடுப்பு வைத்துப் பார்க்கிறேன். சரியாக வராவிட்டால் திரும்பிப் போய்விடுகிறேன்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பாயிதான், "இட்டிலி அவிக்கிற ஊருல ரொட்டிய யாருடா திங்கப் போறா?" என்று கேட்டார்கள்.

சாய்ந்த கொட்டகைச் சுவரின் கற்களே போதும் என்று அப்பா கணக்குப் போட்டார். ஏறத்தாழ 400 கல். அவற்றில் ஒட்டியிருந்த பழைய காரையைக் கொத்தி எடுப்பது எங்கள் வேலை. இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒலி மழுங்கினால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று பொருள். மூன்றடி உயர மேடை எழுப்பி, அதன்மேல் மணல், நொறுக்கிய கண்ணாடி, கல்லுப்பு மூன்றையும் கலந்து பரப்பினோம். சூடு கீழே இறங்காதிருக்கப் பழைய ரொட்டிக்கடைகளில் இப்படிச் செய்வார்களாம். அதன்மேல் தளக்கல். பிறகு ஈர மணலைக் குவித்துத் தட்டி, அந்தக் குவியலின்மேல் அரைக்கற்களை வட்டம் வட்டமாக அடுக்கினார் அப்பா. உள் அகலம் 36 அங்குலம், உயரம் 18. வாயிலின் உயரம் மட்டும் 11. குவிமாட உயரத்தில் நூற்றுக்கு 63 பங்கு என்பது வாயிலுக்கான கணக்கு. அதற்கு மேல் போனால் சூடு வெளியே ஓடிவிடும். குறைந்தால் தீ மூச்சு முட்டிப் புகையும்.

விடுப்பு நாள்கள் கரைந்துகொண்டிருந்தன. அந்த அவசரத்தில் அப்பா சிமெண்டுக் கலவை போட்டுவிட்டார். மூன்றாம் நாளே மணலை வாரிவிட்டுப் பெருந்தீ மூட்டினார். அரை மணி நேரத்தில் படாரென்று ஓர் ஓசை! உச்சிக்கற்கள் தீக்குள் விழுந்தன. கல்லிலும் கலவையிலும் இருந்த ஈரம் நீராவியாகி விரிந்து பிளந்துவிட்டது. ஈரம் காய்ந்திருந்தாலும் அது நிலைத்திருக்காது. 400, 500 டிகிரிச் சூட்டில் சிமெண்டு உதிரத் தொடங்கிவிடும். அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. பெட்டியிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து, தேதி பார்த்து, மறுபடி வைத்தார். நாங்கள் உறங்குவதுபோல் கண்களை மூடிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் தெருக்கோடியிலிருந்து முதிய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். 1802-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் நம் ஊரில் கட்டுவித்த முத்தாம்பாள் சத்திரத்தைச் சொல்லி, "அதுல சிமெண்டு ஏது தம்பி?" என்று கேட்டார். உண்மைதான்! போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்ததே 1824-இல்தான். "கல்லு ஒண்ண ஒண்ணு சாஞ்சுக்கிட்டு நிக்கும். மண்ணு இடுக்க அடைச்சா போதும்" என்றார் அவர். புற்றுமண்ணும் மணலும் குழைத்து மிதிக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. சுவாமிமலையில் சிலை வார்ப்போர் மெழுகு உருவின்மேல் காவிரி வண்டலைப் பூசுவதைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறோம். அங்கே உருகிய உலோகத்தையே மண் தாங்குகிறது. அந்த நினைவில் முழங்கால்வரை சேறாக மிதித்தோம்.

இம்முறை பத்து நாள் நிழலில் காய்ந்தது. பிறகு ஒரு வாரம் தினமும் சிறு தீ: முதல் நாள் கொட்டாங்கச்சி, மறுநாள் மட்டை, கடைசியில் கருவேலங்கட்டை. மயிரிழைபோல் ஒரு கீறல் விழுந்தது. அவ்வளவுதான்.

தீ எரிய எரிய உட்புறம் கரிபிடித்துக் கறுக்கும். சூடு ஏறியதும் அந்தக் கரியும் எரிந்துபோய்க் கல் வெளுக்கும். அதுவே பதம். அப்பா தணலை வாரி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு பிடி மாவைத் தூவினார். மாவு கருகாமல் மெல்லச் சிவந்தது. பன்களை உள்ளே தள்ளித் தகரத்தால் வாயை மூடினோம். கால் மணி நேரத்தில் வந்த வாசனைக்குத் தெருப்பிள்ளைகள் வேலியோரம் கூடிவிட்டார்கள். ரொட்டி எடுத்த பிறகும் சூடு ஆறவில்லை. அப்பாயி யாரிடமும் கேளாமல் நான்கு சர்க்கரைவள்ளிக்கிழங்கை உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்பா திரும்ப வேண்டிய நாள் வந்தது. அன்று காலை நான்கு மணிக்கு எழுந்து விறகு அடுக்கினார். இப்போது கடைத்தெரு டீக்கடை ஒன்றுக்கு நாள்தோறும் 60 பன் போகிறது. சில நாள் பத்துப் பதினைந்து மீந்து திரும்பிவரும்; அவற்றை நாங்கள்தான் தின்று தீர்க்கிறோம். துபாய்ச் சம்பளத்துக்கு இது ஈடில்லை என்று அம்மா கணக்குப் பார்த்துச் சொல்கிறார். கஜாவுக்குப் பின் நட்ட தென்னைகள் இப்போதுதான் பாளை விடுகின்றன.

ஐப்பசி மழைக்கு முன் அடுப்புக்கு மேல் கொட்டகை போட்டாக வேண்டும். மண்பூச்சு நனைந்தால் கரைந்துவிடும். கீற்று வேய்ந்தால் தீப்பொறிக்கு ஆபத்து. புயலில் பறந்த மாட்டுக் கொட்டகைத் தகரங்கள் ஆறு, வேலியோரம் மடங்கிக் கிடக்கின்றன. அவற்றைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதுதான் இந்த வாரம் எங்கள் வேலை.