நெருப்பின் முன் தகுதி

“எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், எல்லோருக்கும் ஒரே நேரம், திருத்துவோருக்கோ எழுதியவன் யாரென்றே தெரியாது. இதைவிட நேர்மையை எங்கே காண முடியும்?” என்று கேட்பாருண்டு. அவர்கள் உள்ளத்தில் வஞ்சம் இருப்பதாக நாம் கருதவில்லை. ஆனால் கேள்வி பாதியிலே நின்றுவிடுகிறது என்றுதான் கூறுகிறோம்.

நியூயார்க் நகரம் தன் தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்க 1999-இல் நடத்திய எழுத்துத் தேர்வைப் பற்றிப் படித்த நாள் முதல், ஓர் எண் நம் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. 84.705! தேர்ச்சி பெற வேண்டிய மதிப்பெண் அது. ஏதோ நுண்ணிய ஆராய்ச்சியில் பிறந்த எண் போலத் தோன்றுகிறதல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாக்கள் 85, அவற்றுள் 72-க்குச் சரியான விடை அளித்தால் கிட்டுவது அது. 72 பெற்றவன் உள்ளே, 71 பெற்றவன் வெளியே! ஒரு விடை குறைந்தால் நெருப்பின் முன் நிற்கத் தகுதியில்லை என்று எவரேனும் ஆய்ந்து கண்டனரா? இல்லை. எத்தனை இடங்கள் காலியாகும் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்பக் கிழித்த கோடு அது. இடமில்லை என்று கதவடைப்பது வேறு. வெளியே நிற்பவன் நெற்றியில் தகுதியற்றவன் என்று முத்திரை குத்துவது வேறு. அந்த 71-க்காரன் தன் தோள்வலியைக் காட்ட உடல்திறன் தேர்வுக்கும் அழைக்கப்படவில்லை.

கோட்டுக்கு வெளியே நின்றவர் யார்? 2007-இல் மத்திய அரசின் நீதித்துறை வழக்குத் தொடுத்தபோது, அந்நகர மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பர். தீயணைப்பு வீரர்களிலோ நூற்றுக்கு நால்வர் கூட இல்லை. கறுப்பினத் தீயணைப்பாளர்கள் 1940-இல் அமைத்துக்கொண்ட வல்கன் சங்கமும் வழக்கில் சேர்ந்தது. இதே போன்ற வழக்கில் 1973-இலேயே வென்ற சங்கம் அது! ஒரு தலைமுறை கழிந்து அதே படிகளில் அதே முறையீடு. 1999, 2002 ஆண்டுகளின் தேர்வுகள் தீயணைக்கும் பணிக்கு வேண்டிய திறனை அளப்பதாக நகரம் மெய்ப்பிக்கவில்லை என்று 2009-இல் நீதிபதி நிக்கோலஸ் கராபிஸ் தீர்ப்பளித்தார். 2014-இல் ஏறத்தாழ 9.8 கோடி டாலர் தர நகரம் இசைந்தது.

இத்தீர்ப்புக்கு வேர் 1971-இல் உள்ளது. வட கரோலினாவில் டியூக் மின்சார நிறுவனம், கறுப்பரைக் கூலிப் பிரிவிலேயே அடைத்து வைத்திருந்தது. 1965-இல் சட்டம் அதைத் தடுத்த நாளிலேயே, உயர்ந்த வேலைக்குத் தேர்வு என்று அறிவித்தது! வடிவில் நேர்மையாயிருந்தால் போதாது, செய்யும் வேலையோடு தேர்வுக்குத் தொடர்பு வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மதில் இடிந்த இடத்தில் வடிகட்டியை நட்டவர்களின் சாமர்த்தியத்தை வியக்கத்தான் வேண்டும்.

நமது சிற்றூரில் ஓலைக்கூரைகள் பற்றியெரிந்த கோடைகளை நாம் கண்டதுண்டு. அடுத்த கூரைமேல் ஏறி, எரியாத ஓலையைப் பிய்த்தெறிந்து, நெருப்பின் வழியை அறுத்தவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஆகவே படிப்பே வேண்டாம் என்போமோ? மாட்டோம். நச்சுப் பீப்பாயின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க இயலாதவன், இன்றைய நகரத்தில் தானும் மடிவான், தோழனையும் மடியவைப்பான். படிப்பு வேண்டும்; வேலைக்கு வேண்டிய படிப்பு வேண்டும். உடல்திறன் தேர்வும் இந்த விதிக்குப் புறம்பன்று. நியூயார்க்கில் பெண்களை ஒட்டுமொத்தமாக விலக்கிய உடல்திறன் தேர்வை எதிர்த்துப் பிரெண்டா பெர்க்மன் 1982-இல் வென்றதும் இதே வாதத்தால்தான்.

இனி, நமக்கே இடறலான வழக்கொன்று. நியூ ஹேவன் நகரில் 2003-இல் தீயணைப்பாளருக்குப் பதவி உயர்வுத் தேர்வு நடந்தது. உடனடி உயர்வுக்குரிய இடத்தில் கறுப்பர் ஒருவரும் வரவில்லை. வழக்கு வருமே என்று அஞ்சி, நகரம் முடிவுகளையே தூக்கியெறிந்தது. தேறியவருள் ஒருவர் பிராங்க் ரிச்சி. எழுத்தைப் படிப்பதில் பிறவிக் குறையுள்ளவர்; ஆயிரம் டாலருக்கு மேல் செலவிட்டுப் புத்தகங்கள் வாங்கி, பிறரைக் கொண்டு படிக்கச் செய்து ஒலிப்பதிவில் கேட்டுப் பயின்றவர். அவர் உழைப்பை எள்ளி நகையாட நம்மால் ஆகாது. 2009-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. நாம் கேட்பது வேறு. தாளைத் தயாரிக்கும்போதே அதை உரைத்துப் பாராமல், ஊரார் உழைத்து எழுதிய பின் பார்ப்பானேன்? காலங்கடந்து பார்த்தால், திருத்தினாலும் ஒருவனுக்கு அநீதி, திருத்தாவிடினும் வேறொருவனுக்கு அநீதி. தேர்வு வைத்தவன் மட்டும் சேதமின்றி வீடு திரும்புகிறான்.

நியூயார்க்கில் 2012-இல் புதிய தேர்வு வந்தது. பழைய தேர்வுகளால் விலக்கப்பட்டோருக்கு 293 இடங்கள் வரை முன்னுரிமை தரப்பட்டது. அவர்களும் புதிய தேர்வில் தேற வேண்டும் என்பது நிபந்தனை. 1999-இல் 25 வயதில் எழுதியவர், 2013-இல் பயிற்சிப் பள்ளியின் வாயிலை மிதித்திருந்தால் அவருக்கு வயது 39.