டேங்கின் உட்பக்கம்

சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டி உதிரிபாகக் கடைகளைத் தாண்டிப் போகும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. எஞ்சினைத் தொடுவதில்லை. பைக்கின் பெட்ரோல் டேங்க் மட்டும்தான் அவர்களுக்குத் தொழில். ஒடுக்கு எடுப்பார்கள், பொத்தல் அடைப்பார்கள், உள்ளே துரு நீக்கிக் கோட்டிங் போடுவார்கள். நான் போனபோது புல்லட், ஆர்எக்ஸ் 100, யெஸ்டி என்று வெவ்வேறு காலத்து டேங்குகள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன.

பட்டறைக்காரரைச் சந்தில் எல்லாரும் ‘பாய்’ என்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் மடியில் இருந்தது திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் டேங்க். கறுப்புப் பெயிண்டும் கையால் இழுத்த தங்கக் கோடும் மங்காமல் இருந்தன. மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே அடி முழுக்கச் செம்பழுப்புத் துரு, பொருக்குப் பொருக்காக.

“வெளிய பார்த்து ஏமாந்துடாதீங்க சார். நிக்கிற வண்டிக்கு டேங்க் உள்ள இருந்துதான் அரிக்கும்.”

டேங்க் பாதி காலியாக இருந்தால் மீதி இடத்தில் காற்று இருக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரவில் தகடு குளிரும்போது அந்த ஈரம் துளித்துளியாகப் படிந்து இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கிவிடும். புல்லட் டேங்க் சட்டத்தின் முதுகுக் குழாயின் மேல் இரண்டு பக்கமும் காலைப் பரப்பி உட்காரும் அமைப்பு. பெட்ரோல் டேப் இல்லாத பக்கத்துக் குழியில் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியே கிடையாது. பொத்தல் முதலில் விழுவது பெரும்பாலும் அங்கேதான் என்று விரலால் தட்டிக் காட்டினார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் அதையும் சேர்த்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும். மாதக்கணக்கில் எடுக்காமல் நிறுத்திய வண்டிகளுக்கு அது கெடுதல். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் வந்த டேங்குகளில் சேறே இருந்ததாம், மூடியிலிருக்கும் காற்றுத்துளை வழியாகப் புகுந்தது.

உதிரும் துருத்தூள் கார்புரேட்டருக்குப் போகும். அதற்குள் இருக்கும் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு பொடி போதும், வண்டி சிக்னலில் அணைந்து அணைந்து நிற்கும். கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிக் கழுவிச் சலித்த பிறகுதான் பலர் டேங்கைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறார்கள்.

முதல் வேலை கழுவுவது. பெட்ரோலை வடித்து, டேப்பையும் மூடியையும் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை அலசுகிறார்கள். துருவுக்காக மட்டும் அல்ல. ஆவி போக வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் இருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் பயங்கரமானது என்பதை அந்தச் சந்தில் சின்னப் பையனும் அறிவான். பித்தளைப் பற்று வைக்க வேண்டிய டேங்கில், பற்று விழும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் தண்ணீர் நிரப்பிய பிறகே பாய் கேஸ் விளக்கைக் கையில் எடுக்கிறார்.

அடுத்தது உருட்டல். பழைய சைக்கிள் செயினை உள்ளே விட்டு, ஒரு முனையைக் கம்பியில் கட்டி வெளியே நிறுத்திக்கொள்கிறார்கள். நட்டு போல்ட்டும் ஜல்லியும் போடுபவர்கள் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்று மூலையில் மாட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. செயின் இழுத்தால் வந்துவிடும். பாயின் தங்கை மகன் டேங்கைத் தொடையில் வைத்து நாலாபக்கமும் குலுக்கினான். பக்கத்தில் நின்ற என்னால் பேச முடியவில்லை, அவ்வளவு சத்தம். தோளும் மணிக்கட்டும் விட்டுப்போகிற வேலை இது.

பிறகு ஆசிட். பெயிண்டில் பட்டுவிடாதபடி டேங்க் முழுவதையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்கள். கக்கூஸ் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றிச் சீக்கிரம் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். கழுவிய கையோடு புதுத் துருவும் கிளம்பும். இங்கே பாஸ்பாரிக் ஆசிட். துருவை மெதுவாகக் கரைத்து, தகட்டின் மேல் சாம்பல் நிறப் பாஸ்பேட் படலத்தை விட்டுப்போகிறது. ஓர் இரவு ஊறவைத்து, ஆப்பசோடாக் கரைசலில் அலசி, மிச்ச ஈரத்தை அசிட்டோனில் எடுத்து, கம்ப்ரசர் காற்றை விட்டுக் காயவைக்கிறார்கள். இந்த இடத்தில் தாமதிக்கவே கூடாது. ஈரத்தோடு விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், சுத்தமாக இருந்த தகட்டில் மஞ்சள் ஏறியிருக்கும்.

காய்ந்த டேங்கை இருட்டான உள்ளறைக்குக் கொண்டுபோய், சின்ன விளக்கை உள்ளே இறக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார் பாய். அடித்தையல் ஓரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம். ஊசிப்பொத்தல். “இதைக் கோட்டிங்கே அடைச்சிடும்னு சொல்வாங்க. அடைக்கும். ஆனா அந்த இடத்துல தகடு மெலிஞ்சுபோச்சு. நான் பத்து வச்சிட்டுத்தான் ஊத்துவேன்.” உள்பூச்சு என்பது நல்ல தகட்டுக்கான காப்பு. செத்த தகட்டுக்கு அதை மாற்றாக விற்பது வாடிக்கையாளரின் தொடைகளுக்கு நடுவே ஆபத்தை வைப்பதுதான். அந்தப் பிடிவாதத்துக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

எல்லாரும் வேடிக்கை பார்க்க விரும்புவது உள்பூச்சுக்கான எபாக்சியை ஊற்றுவதை. அதுதான் இருப்பதிலேயே குறைந்த நேர வேலை. டேப் துளையின் மரையில் பூச்சு ஏறிவிடாமல் கிரீஸ் தடவிய பழைய போல்ட்டால் அடைத்தார்கள். பிசினும் ஹார்டனரும் கலந்ததும் வெல்லப்பாகுப் பதத்தில் இருந்தது. ஊற்றி, வாயை மூடி, டேங்கை அவசரமில்லாமல் திருப்பினார்கள்: மூக்கு கீழே, வால் கீழே, இடம், வலம், தலைகீழ். நடுநடுவே மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த அழுத்தத்தை விட்டார்கள். பிறகு மிச்சத்தையெல்லாம் கவிழ்த்து வடித்தார்கள். குட்டையாகத் தேங்கிய இடம் உள்ளே வேகாமல் பின்னாளில் வெடித்து உரியும்.

அப்படி உரிந்த ஆர்எக்ஸ் டேங்க் ஒன்று மூலையில் இருந்தது. வேறெங்கோ துருவின் மேலேயே பூசியிருக்கிறார்கள். பூச்சு தோல்தோலாகக் கழன்று டேப்பின் சல்லடையை அடைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுப்பதற்குப் புது வேலையைவிட இரண்டு மடங்கு கூலி. கேட்டவர்கள் கோபப்படுகிறார்கள். வெளிப் பெயிண்டுக்குக் கேட்டதைக் கொடுப்பவர்கள், கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்துக்கு நூறு ரூபாய் பேரம் பேசுவதை அன்றும் பார்த்தேன்.

டேங்கைக் குலுக்கிய பையனின் விரலிடுக்குகளில் தோல் சிவந்து வெடித்திருந்தது. ஹார்டனர் படப்பட, ஒருநாள் தோல் அதை ஏற்க மறுத்துவிடும்; அதன்பின் கொஞ்சம் பட்டாலே அரிப்பு. “கையுறை வழுக்குது சார்” என்றான். துணிக் கையுறையைத்தான் சொன்னான். நைட்ரைல் கையுறை ஒட்டிப் பிடிக்கும், டேங்க் வழுக்காது. முகமூடியும் இல்லை, அசிட்டோன் ஆவிக்கு ஒரு மின்விசிறி, அவ்வளவே. கூலிச் சீட்டில் ஆசிட்டுக்கும் எபாக்சிக்கும் தனித்தனி வரி எழுதும் பாய், கையுறைக்கும் ஒரு வரி எழுதலாம் என்று சொன்னேன். “எழுதினா குடுப்பாங்களா?” என்று கேட்டார். நான் ஒரு டேங்க் கொண்டுவந்தால் அந்த வரியையும் சேர்த்தே எழுதுங்கள் என்றேன். தலையாட்டினார்.

அதற்குள் புல்லட்காரர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்க வேண்டுமாம். பாய் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். “ஊத்துனது இன்னைக்கு சார். நாலு நாள் காயணும். புதன்கிழமை வாங்க. அதுக்கு முன்னாடி பெட்ரோல் ஊத்துறதா இருந்தா, நான் கேரண்டி சொல்ல மாட்டேன்.”