தோட்டா மழையும் சிக்குக் கோலமும்

ஸ்பேஸ் இம்பாக்ட் ஞாபகம் இருக்கா மக்களே? நோக்கியா 3310-ல் பாம்பு விளையாட்டோடு வந்ததே, அதுதான். (2006-ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை பற்றி எங்க ஏரியாவில் பேசினால் பெருமூச்சுதான் வரும். அது தனிப்பதிவு.) அதில் நாலு குண்டு வந்தாலே பதறுவோம். நானூறு வந்தால்?

அதற்குப் பேர்தான் புல்லட் ஹெல். ஜப்பானில் டன்மாகு என்பார்கள். 1993-ல் டோவாபிளான் கம்பெனி விட்ட பாட்சுகன்தான் ஆரம்பம் என்று பலரும் சொல்வார்கள். அடுத்த வருடமே கம்பெனி திவால். அங்கிருந்து வந்தவர்கள் தொடங்கிய கேவ், 1997-ல் டோடோன்பாச்சியை இறக்கியது. திரை முழுக்கத் தோட்டாதான், விமானத்தைத் தேடணும்.

பார்த்தால் சாத்தியமே இல்லை என்று தோன்றும். ஆனால் உள்ளே ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அடிபடுவது நடுவில் உள்ள சில பிக்சல் மட்டும்தான். இறக்கை வழியாகத் தோட்டா போனால் போகட்டும். தோட்டாக்களும் பெரும்பாலும் மெதுவாகத்தான் வரும். சுடுவதற்குப் பட்டனை அமுக்கிப் பிடித்தால் போதும், விளையாட்டே ஒதுங்குவதில்தான். புதுசா ஆடுபவர்கள் தோட்டாவையே பார்த்துச் சாவார்கள். இடைவெளியைப் பார்க்கணும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் வளைந்து போகிறதே, அப்படி. நம்மைக் குறிவைத்து வருபவை வேறு ரகம். அதற்குத் துள்ளக் கூடாது, ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் எல்லாம் பின்னாலேயே விழும்.

என் ரூம்மேட்டுக்கு ஒரகடத்தில் ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. "எட்டு மணி நேரம் கன்வேயர்ல வர்றதை சமாளிச்சிட்டு வந்தா, ரூம்லயும் அதேதானாடா?" என்று கிண்டலடித்தவர். ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூக்கம் வராமல் உட்கார்ந்தார், அவ்வளவுதான். "லைன்ல ஒண்ணு மிஸ்ஸானா யார் தப்புன்னு அரை மணி நேரம் மீட்டிங். இங்க செத்தா நான்தான் செத்தேன். அதே இடத்துல அதே மாதிரி மறுபடி வரும், பாத்துக்கலாம்" என்கிறார். எனக்கும் இதில் பிடித்தது அதுதான். தோற்றதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும்.

ஆரம்பிப்பவர்களுக்கு 2003-ல் வந்த டோஹோ வரிசையின் பெர்ஃபெக்ட் செர்ரி பிளாசம் நல்லது. ஷிஃப்ட் கீயை அமுக்கினால் வேகம் குறையும், அடிபடும் அந்தப் புள்ளியும் தெரியும். நாலாவது ஸ்டேஜில் இசைக் கருவிகளோடு மூன்று பேய்ச் சகோதரிகள் வருவார்கள். அண்ணன் அவர்களைத் தாண்டிவிட்டார். நான் மூன்றாவது ஸ்டேஜ் பொம்மைக்காரியிடமே தினமும் செத்துக்கொண்டிருக்கிறேன்.